சுடுதண்ணீரில் இறுகிய கறை

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாய்லரம்மா என்றால்தான் தெரியும். அவளுடைய கம்பளம் கழுவும் இயந்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் என்பது ஒரு காரணம். அவளே கொதிப்பாள் என்பது இன்னொன்று. இயந்திரத்தை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்ற காவலாளியை, அதே இயந்திரத்தின் குழாயால் இரண்டு சாத்து சாத்தியவள். கட்டினவன் ஒரே ஒருமுறை கை ஓங்கினான். அந்தக் கை ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு மனுஷன் வீட்டில் பரம சாது.

இத்தனை வீரமும் தங்கைக்கு உதவவில்லை. தங்கையின் புருஷன் ஒருநாள் போன் செய்தான். அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி ஹால் கம்பளம் பாழாகிவிட்டதாம், விருந்தாளிகள் வருகிறார்களாம். பாய்லரம்மா போய் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தங்கையோ, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் அக்கா என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். சூடு பட்டால் நாரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தலைகீழாக நின்றாலும் வராது. ஹீட்டரை அணைத்துவிட்டு, துளி தெரியாமல் எடுத்துக் கொடுத்தாள். இப்படி மூன்று முறை.

நாலாவது முறை தங்கை எழுந்திருக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றான் அவன். அடித்தே கொன்றுவிட்டான் என்று பாய்லரம்மா தொண்டை கிழியக் கத்தினாள். வந்த போலீஸ்காரர், அவள் கழுவிக் கொடுத்துப் பளிச்சென்றிருந்த கம்பளத்தைப் பார்த்துவிட்டு, முன்னே அடித்ததற்கு அடையாளம் எதுவும் இல்லையேம்மா என்றார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மதியம், நாலாவது மாடி வீடொன்றில் வேலை. டை கட்டிய மனிதர் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். மாதுளை ஜூஸ் கொட்டிவிட்டதாம், நாலு மணிக்குள் கறை போக வேண்டுமாம். குடம் குடமாகக் கொட்டினாலும் ஜூஸ் படுக்கையறைக் கதவு வரை கோடு இழுத்துக்கொண்டு போகாது. அந்தக் கதவு வெளியே தாழிட்டிருந்தது.

முதலில் காய்ந்த தூசியை இழுக்க வேண்டும். இழுத்தாள். குழாய்க்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. தூசிப் பையைத் திறந்து பார்த்தாள். வேரோடு ஒரு பல். சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் யாரோ முனகியது கேட்டது.

அவன் போனில் மனைவியின் அண்ணனிடம் தேனொழுகப் பேசிக்கொண்டிருந்தான். மனைவி தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாளாம், மச்சான் நாலு மணிக்கு வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாமாம். பாய்லரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கறை போய்விட்டால் மச்சானும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கழுத்தை நெரிக்கக் கை துடித்தது. நெரித்தால் நாம்தான் ஜெயிலுக்குப் போவோம், அவன் நல்லவனாகவே சாவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோப்பு ஊற்றினாள். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மூடியை இறுக்கினாள். மோட்டார் பிளக்கை ஹாலிலும், ஹீட்டர் பிளக்கைச் சமையலறையிலும் செருகினாள். இரண்டையும் ஒரே இடத்தில் செருகினால் ஃபியூஸ் போய்விடும். ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, தண்ணீர் கொதித்ததைக் காட்டும் விளக்கு எரியும் வரை காத்திருந்தாள்.

"சுடுதண்ணி விட்டா நல்லா போகுமா?" என்றான்.

"நான் இருபது வருஷமா இதைத்தாங்க பண்றேன்."

விசையை அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தாள். ஆவி எழுந்தது, கூடவே துரு வாடை. குழாய் முனையின் கண்ணாடி மூடியில் சிவப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அவன் நிம்மதியானான். கீழே மிச்சம் இருந்தது பழுப்பாக இறுகிக்கொண்டிருந்தது. போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போனாள்.

மூன்றே முக்காலுக்கு அவன் குனிந்து விரலால் தேய்த்தான். "ஏன் போகல?"

"இனிமே போகாது. வேக வச்சுட்டேன்."

கன்னத்தில் விழுந்த அறையில் அவள் காது செத்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், உதடு கிழிந்தது. விழுந்தவளின் விலாவில் மிதித்தான். என்ன ஆனாலும் குழாயை அவள் விடவில்லை. மறுபடி மிதிக்க வந்த காலில் முனையை அழுத்தி விசையைப் பிடித்தாள். சுடுதண்ணீர் பாய்ந்தது. அவன் அலறிக்கொண்டு சாய்ந்தான். பாதத்தில் தோல் வழன்று தொங்கியது. இன்னும் கொஞ்சம் பிடித்தாள். அதில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாசல் மணி அடித்தது. தவழ்ந்து போய்த் திறந்தாள். வாசலில், பழப் பையோடு, ஆஜானுபாகுவாக ஒரு மனிதர். "மச்சான், ஜூஸ் கொட்டிடுச்சு, இந்தப் பொம்பளைக்குப் பைத்தியம்," என்று உள்ளேயிருந்து கத்தினான் அவன்.

அவர் கம்பளத்தைப் பார்த்தார். அவர் கண் கறையோடு போய்ப் படுக்கையறைத் தாழ்ப்பாளில் நின்றது. பாய்லரம்மா அந்தப் பல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க தங்கச்சி உசிரோட இருக்கா. சீக்கிரம் போங்க தம்பி."

பழங்கள் உருண்டன. தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. உள்ளே ஒரு பெண் அண்ணா என்று குழறினாள்.

இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லரம்மா சுவரோரம் உட்கார்ந்து வாயிலிருந்த ரத்தத்தைக் கம்பளத்திலேயே துப்பினாள்.

"என் தங்கச்சிக்கு நான் சுத்தமா தொடச்சுக் கொடுத்துட்டேனே," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.