அட்டை ஓட்டை வழியே வந்த கிரகணம்

சூரிய கிரகணம் அன்று என் மாமியார் என்னை அறைக்குள் அடைத்து வைத்தார். எனக்கு அப்போது ஏழாவது மாதம். ஊரப்பாக்கத்தில் அவருக்குத் தெரிந்த எந்தக் கர்ப்பிணியும் கிரகண நேரத்தில் வெளியே தலைகாட்டியதில்லையாம். அந்தப் பெருமை என்னால் கெட்டுவிடக் கூடாது.

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாதா மாதம் அமாவாசை வந்தாலும் நிலவு பெரும்பாலும் சூரியனுக்குச் சற்று மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். சூரியன், நிலவு, பூமி மூன்றும் நேர்க்கோட்டில் வந்தால்தான் நிலவின் நிழல் நம் மேல் விழும் என்று டார்ச்சையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு வருடா வருடம் பாடம் நடத்துகிறவள். ஆனால் ஒரு கிரகணத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் மேகம் கெடுத்துவிடும். அந்த மார்கழிக் காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர் என் கணவர். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"ரெண்டே நிமிஷம் அத்தை. பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"புள்ள பொறந்தப்பறம் இன்னா வேணா பாரு. இப்ப வூட்டுக்குள்ள கம்முனு கெட."

சொன்னதோடு விடவில்லை. ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய புடவையைத் திணித்தார். ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருந்த வென்டிலேட்டரை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அடைத்தார். அறை கும்மிருட்டானது. எனக்குக் காவலாக அவரும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

'பாதி காணோம்' என்று மாடியிலிருந்து கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே கண்ணாடி மாட்டிய தன் முகத்தைப் படமெடுத்து வேறு. கடுப்பில் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

போன் வெளிச்சம் போனதும்தான் கண்ணில் பட்டது. மொசைக் தரையில் ஒரு குட்டிப் பிறை. அட்டையில் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. இருட்டறை, ஒரே ஒரு துளை. சூரியன் படமாகவே உள்ளே வந்துவிட்டது. அத்தை இவ்வளவு கச்சிதமாக அடைத்திருக்காவிட்டால் அது தெரிந்தே இருக்காது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"அங்க பாருங்க அத்தை. அதான் சூரியன். மிச்சத்த நிலா மறச்சிட்டு நிக்குது."

அவர் நம்பாமல் குனிந்து பார்த்தார். பிறை மெலிந்துகொண்டே போனது. நானும் ஆசை தாங்காமல் முன்னால் நகர்ந்தேன். ஒளி வரும் வழியில் நுழைந்துவிட்டேன் போல; தரையில் இருந்த பிறை என் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது.

அத்தை பதறிப்போய்க் கையால் பொத்தினார். பிறை அவர் புறங்கைக்கு மாறியது. சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் திருப்பி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"சுடவே இல்லியே" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "உன் புருசன சுமந்துகினு இருந்தப்ப என்னையும் இப்படித்தான் உள்ள போட்டாங்க. ஒரு ஓட்டகூட இல்ல."

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவராகவே கையை விலக்கினார். பிறை மறுபடி என் வயிற்றில் விழுந்தது.

"உள்ள கீறதும் பாத்துக்கட்டும்" என்றார்.