பதினான்காவது ஷரத்து

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கும் அண்ணி இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் சிரிப்பாள். சிரிக்கட்டும். இவளை மாதிரி ஒருத்தி அவளுக்கு வாய்க்கவில்லை என்கிற வயிற்றெரிச்சல்.

இவள் என் கணவரின் தங்கை. வயது முப்பத்தாறு. மெத்தைக் கடைக்கு மேலே, முதல் மாடியில், இருபது கம்ப்யூட்டர்களை வைத்து கேமிங் சென்டர் நடத்துகிறாள். வருகிறவர்கள் வைத்த பெயர் ஷரத்தக்கா. காரணம், அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடுவதற்குக்கூட ஆறு ஷரத்துகள் அச்சடித்த தாளை நீட்டுவாள். "படிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க" என்பாள். படிக்காமல் பேனாவைத் தொட்டால் பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள்.

பதினோரு வருடம் வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தவள். படிக்காமல் கையெழுத்து போட்டு வீட்டை இழந்தவர்களின் மனுக்களை அடித்து அடித்தே இந்த வியாதி வந்தது என்பார் என் கணவர். எனக்குக் கல்யாணமான புதிதில், நான் ஆசையாக வாங்கிய மிக்சியின் உத்தரவாத அட்டையை மூன்று பக்கமும் உரக்கப் படித்துக் காட்டினாள். பிளேடுக்கு உத்தரவாதம் கிடையாதாம். எனக்கும் இவளுக்கும் ஆகாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

போன வருடம் அவளுக்குப் போட்டி நடத்தும் ஆசை வந்தது. ஐந்து பேர் ஒரு அணி, எதிரணியின் கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். நுழைவுக் கட்டணம் உண்டு, ஜெயித்தால் ரொக்கப் பரிசு. ஊரில் மற்ற சென்டர்களிலும் இது நடப்பதுதான். வருகிறவர்களிடம் வாங்கி, ஜெயித்தவர் கையில் கொடுத்து, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்வார்கள். நீயும் அப்படிச் செய்துவிட்டுப் போயேன் என்றேன். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து விரலை ஆட்டி ஆட்டி விளக்கினாள்.

"அது போட்டி இல்ல அண்ணி, சூதாட்டம். காசு கட்டி உள்ள வர்றாங்க, காசு ஜெயிச்சிட்டு வெளிய போறாங்க. நடுவுல இருக்கறது திறமைன்னாதான் சட்டம் ஒத்துக்கும். ஒரே ஒரு இடத்துல அதிர்ஷ்டம் புகுந்தாலும் போச்சு, கதவுக்குப் பூட்டு."

சரி சரி என்று தலையாட்டினேன். வெங்காயம் கண்ணில் ஏறிய அளவுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தாள். அங்கே ஒரு அலுவலர் அம்மா இருந்தார், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே மனுவைத் திருப்பி அனுப்புகிறவர். முதல் முறை, ஆட்டத்தைத் தயாரித்த கம்பெனியின் சம்மதக் கடிதம் எங்கே என்றார். அந்தக் கடிதம் வர ஏழு வாரம் ஆனது. இரண்டாவது முறை, பதினாறு அணி வந்தாலும் சரி, இரண்டே அணி வந்தாலும் சரி, அறிவித்த பரிசு குறையாது என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். இவள் தன் சேமிப்பை எடுத்துப் பரிசுத் தொகைக்கென்று வங்கியில் தனியாகப் போட்டாள். மூன்றாவது முறை, பரிசில் பிடிக்க வேண்டிய வரியைப் பற்றி விதித்தாளில் ஒரு வரியும் இல்லை என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவளோ வீட்டுக்கு வந்து, "என்னமா படிக்கறாங்க அண்ணி!" என்று மெச்சிக்கொண்டாள்.

நாலாவது முறை மனு கொடுப்பதற்கு முந்தைய நாள் இவளுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். விதித்தாளின் கடைசிப் பக்கத்தை நான் டைப் அடித்துத் தருவதாகச் சொன்னேன். பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிற எனக்கு டைப்பிங் என்ன பெரிய வேலையா? அவள் கிறுக்கி வைத்திருந்ததில் பதினான்காவது ஷரத்து பாதியில் நின்றது: 'இறுதிச் சுற்றில் இரு அணிகள் எல்லா வகையிலும் சமமானால்…' அதற்கு மேல் ஒன்றுமில்லை. தூங்குகிறவளை எழுப்ப மனசு வரவில்லை. சமமானால் என்ன செய்வார்கள், குலுக்கிப் போடுவார்கள். 'குலுக்கல் முறையில் வெற்றியாளர் தேர்வு செய்யப்படுவார்' என்று நானே முடித்துவிட்டேன். காலையில் அவள் கையெழுத்து போட்டாள். அலுவலர் அம்மா முத்திரை வைத்தார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினாறு அணிகள், சென்டர் தாங்காத கூட்டம். படிக்கட்டில் நின்றவர்களுக்கு மெத்தைக் கடைக்காரர் இலவசமாக விசிறி கொடுத்தார், கடை விளம்பரம் போட்ட விசிறிதான். அலுவலர் அம்மாவும் மேற்பார்வைக்காக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிற்பகலில் நாலு அணிகள் மிஞ்சின. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் மோத வேண்டும். ஆஸ்பத்திரி நர்சுகள் ஐந்து பேரும், கூரியர் கம்பெனிக்காரர்கள் ஐந்து பேரும் மற்ற இரண்டு அணிகளையும் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் மோதிய ஆட்டமோ யாரும் ஜெயிக்காமல் முடிந்தது. எல்லா வகையிலும் சமம்.

மைக் பிடித்திருந்தவர் விதித்தாளைப் புரட்டிவிட்டு, "பதினாலாவது ஷரத்துப்படி… குலுக்கல்!" என்று கத்தினார். ஒரே விசில். யாரோ ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினார்கள், சீட்டு போட.

"நிறுத்துங்க" என்றாள் என் நாத்தனார்.

தாளை வாங்கிப் படித்தாள். அவள் முகம் வெளுத்தது. அப்போதுதான் அந்த வெங்காயப் பேச்சு எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. குலுக்கினால் சூதாட்டம், சென்டருக்குப் பூட்டு. குலுக்காமல் விட்டால் அச்சடித்த விதியை மீறியதாகும், அதற்கும் பூட்டுதான். முன்னால் போய் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். கால் நகரவில்லை. என் கோழைத்தனத்தை நானே பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் மைக்கை வாங்கினாள். "குலுக்கல்ங்கறது இந்தத் தாள்ல இருக்கவே கூடாத வார்த்தை. தப்பு நடந்திருக்கு. திறமைக்குப் பணம் கட்டிட்டு வந்தீங்க, அதிர்ஷ்டத்துக்கு இல்ல."

அலுவலர் அம்மா எழுந்தார். "யாரு எழுதினது இதை?"

என் நாத்தனார் மைக்கைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்து என்னோடது மேடம்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அலுவலர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முத்திரை என்னோடது" என்றார் மெதுவாக. பிறகு இரண்டாவது ஷரத்தைச் சுட்டிக் காட்டினார். பதினாறு அணித் தலைவர்களும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய விதியை மாற்ற முடியாது.

குலுக்கலுக்குப் பதில் ஒரு தீர்மான ஆட்டம் என்று ஒரு தாள் தயாரானது. தோற்றுப்போனவர்கள் உட்பட பதினைந்து தலைவர்கள் வரிசையில் நின்று கையெழுத்து போட்டார்கள். மிச்சம் ஒருவர், மீன்தொட்டிக் கடைக்காரர். காலையில் அவர் அணி ஒரே ஒரு நிமிடம் தாமதமாக வந்ததற்காக இவள் வெளியே அனுப்பியிருந்தாள். நடுத்தெருவில் நின்று இவளைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போனவர். கடை மூன்று தெரு தள்ளி. தாளை எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் அலுவலர் அம்மாவும் பின்னாலேயே போனோம்.

சுற்றிலும் தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க ஷரத்தக்கா. ஒரு நிமிஷத்துக்காக என்னைத் துரத்துனீங்க. இப்ப உங்க தப்புக்கு நான் கையெழுத்து போடணுமா?"

"போட்டே ஆகணும்னு இல்ல. நீங்க போடலைன்னா போட்டி ரத்து. ஒன்பதாவது ஷரத்துப்படி எல்லாருக்கும் கட்டணம் திரும்ப வந்துடும். உங்களுக்கும்தான்."

"உங்க அனுமதி?"

"போயிடும்."

எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. கையெழுத்து போடாமல் இருந்தால் அந்த ஆளுக்கு லாபம் என்பதை இவளே அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்! இப்படியும் ஒரு பிறவி.

அவர் இவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தாளை வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். "படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றார். படித்தார். மீன் வாங்க வந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"தீர்மான ஆட்டம்னு போட்டிருக்கீங்க. அது எத்தனை நிமிஷம்னு போடலையே? அதுவும் இழுத்துக்கிட்டே போனா?"

இவள் எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே இல்லை. அவமானப்படுவாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"அப்ப இதைச் சேர்த்தா, மத்த பதினஞ்சு பேரும் மறுபடி போடணுமே" என்றார் அவர்.

"ஆமா! போடத்தான் வேணும்!" ஏதோ பரிசே தனக்கு விழுந்த மாதிரி சொன்னாள்.

அவர் கடையின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு எங்களோடு வந்தார். எல்லோர் முன்னாலும் புதுத் தாளை அவரே உரக்கப் படித்தார். பதினாறாவது கையெழுத்தும் விழுந்ததும் எழுந்த கைதட்டல் எந்த ஆட்டத்துக்கும் எழவில்லை. தீர்மான ஆட்டம் இருபது நிமிடம், அதற்குள் கோட்டை விழாவிட்டால் அதை அதிகம் நெருங்கிய அணிக்கு வெற்றி என்று எழுதியிருந்தது. நர்சுகள் பதினேழாவது நிமிடத்திலேயே கோட்டையைப் பிடித்தார்கள். அலுவலர் அம்மா தன் அறிக்கையில் குறை ஒன்று என்றும், அது எல்லோர் சம்மதத்தோடும் அன்றே திருத்தப்பட்டது என்றும் எழுதினார். அனுமதி நிலைத்தது.

சென்டரில் அனுமதிப் பத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதினாறு கையெழுத்துத் தாளையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். நான் துணி மடிக்கிற சாக்கில் மூன்று நாள் கழித்துத்தான் அவளிடம் பேச்செடுத்தேன்.

"அந்த வரியை எழுதினது நான்தான்னு உனக்கு அங்கேயே தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

"கையெழுத்து போட்டவங்கதானே அண்ணி பொறுப்பு."

"நீதான் மிக்சி அட்டையைக்கூட விடாம படிக்கிறவளாச்சே. அந்தப் பக்கத்தை மட்டும் எப்படிப் படிக்காம போட்ட?"

அவள் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"நீங்க அடிச்சதுன்னுதான் படிக்கல."

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன். இப்போதெல்லாம் அவளுடைய விதித்தாள்களை அவள் கையெழுத்து போடுவதற்கு முன்னால் முதலில் படிப்பது நான்தான், வரி வரியாக, உரக்க.