காற்றளக்கும் பெட்டிக்குச் சாம்பிராணி போட்டது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி விஷயத்தில் விளையாடியவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் காபிக்கொட்டை காயவைக்கும் மெஷின் என் பொறுப்பில் இருந்தது. அதன் குழாயில் சூடான காற்று என்ன வேகத்தில் போகிறது என்று அளக்க, மலைக்குக் கீழேயிருந்து ஒரு பேராசிரியரும் அவரிடம் ஆராய்ச்சி படிக்கும் பெண்ணும் வந்தார்கள். குழாயில் கண்ணாடி பதித்து, அதன் வழியே இரண்டு சிவப்பு ஒளிக்கோடுகளை உள்ளே விட்டார்கள். காற்றைத் தொடாமல் ஒளியை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுமாம் அவர்களுடைய பெட்டி.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டாமல் நாங்கள் மெஷினை ஓட்டுவதில்லை. பேராசிரியர் என் சாம்பிராணிக் கரண்டியைப் பார்த்ததுமே, “இதெல்லாம் வேண்டாம், லென்ஸ் கெட்டுடும்” என்றார். காற்று உள்ளே நுழையும் வாயிலும் தூசி புகாமல் வெள்ளைத் துணி கட்டவைத்தார்.

மூன்று நாள் பெட்டியில் ஓர் எண்கூட வரவில்லை. இரவல் கருவி, சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும். அளவு கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணின் ஒரு வருஷ உழைப்பு வீண். அவள் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

வெள்ளி காலை பேராசிரியர் போன் பேசத் தபாலாபீசுக்குப் போனார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. எங்கள் மலைச்சாமியை நினைத்து, ‘சேர்வராயா, நீதான் பாத்துக்கோணும்’ என்று துணியை அவிழ்த்துவிட்டுப் புகையும் கரண்டியை அங்கே நீட்டினேன்.

“அண்ணா, என்ன பண்றீங்க?” அவள் கண் பெட்டியிலேயே இருந்தது.

“சும்மா பூசைங்க, அம்மணி. எடுத்தர்றனுங்க.”

“எடுக்காதீங்க. இன்னும் போடுங்க. நம்பர் வருது.”

காற்றில் மிதக்கும் துகளில் ஒளி பட்டுச் சிதறினால்தான் பெட்டிக்குக் கண் தெரியுமாம். துணி கட்டிச் சுத்தம் பண்ணியதில் அது குருடாக நின்றிருக்கிறது.

“எவ்வளவு நேரம் பூசை பண்ணுவீங்க?”

“உங்க வாத்தியாரு மூனு நாளா நிறுத்தி வெச்ச பூசைங்க. பாக்கி நொம்ப இருக்குது.”

மதியம் பேராசிரியர் திரும்பி வந்து மூக்கை உறிஞ்சினார். எண்கள் நிறைந்த நோட்டைப் பார்த்தார். புகையில் கண்ணீர் வழிய நின்ற என்னைப் பார்த்தார்.

“கரண்டியை ஆட்டாமப் பிடிங்க. புகை ஒரே சீரா போகணும்” என்றார்.

சாயங்காலத்துக்குள் அளவெல்லாம் எடுத்தாயிற்று. அந்தப் பெண் பட்டம் வாங்கிவிட்டதாகக் கடிதம் போட்டாள்.

இப்போது மலையில் தலைச்சோலைக் கிராமத்துப் பக்கம், சாமியே சிவப்புக் கோடாகப் பெட்டிக்குள் இறங்கியதாகப் பேசிக்கொள்கிறார்கள். சேர்வராயனைக் கும்பிடாத நாள் எனக்கு இல்லை. ஆனாலும் அன்று புகை போட்டது நான்தான். அதைச் சீராகப் போடச் சொன்னது பூசை வேண்டாம் என்றவர். யாரிடம் சொன்னாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சாமிக்கு நம் கைச்சரக்கு தேவையில்லை.