துரைக்கு முன்னால் ஒரு கதிரை

கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிற தொழிலில் வாயைத் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு. ரொறன்ரோ முதியோர் இல்லங்களில் ஏப்ரன் கட்டிய சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வெக்ஸ்போர்ட் பக்கத்து இல்லமொன்றில் எனக்கு வாய்த்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சிலோனில் ஒரு மாவட்டத்தையே ஆட்டிப்படைத்த அரசாங்க அதிபராக இருந்து, பிறகு ஆபிரிக்காவிலும் ஆண்டு, 'சேர்' பட்டத்தோடு ஓய்வுபெற்று, மகளை நம்பிக் கனடா வந்தவர். மகள் அவரை எங்களிடம் தள்ளிவிட்டாள்.

கதிரை

பக்கத்தில் உட்கார்ந்துதான் ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் கிழவர் அண்ணாந்து விழுங்கிப் புரைக்கேறும். இது இல்லத்தின் சட்டம். நான் கதிரையை இழுத்ததும் துரை வாயை இறுக மூடிக்கொண்டார். ஆள்வதற்கென்று படித்த தமிழில் நாலு கட்டளை இன்னும் மிச்சமிருந்தது. அதில் ஒன்றை எடுத்துவிட்டார்: "எழும்பு!"

குளியல்

தினமும் வெந்நீர்க் குளியல் வேண்டுமென்று மேற்பார்வையாளரைக் கூட்டிவரச் சொன்னார். அவர் ஜமெய்க்காக்காரி. போட்ட ரோட்டுகள், அடக்கிய கலகங்கள், தமக்கு முன்னால் கைகட்டி நின்ற தலைவர்கள் என்று துரை அடுக்கினார். அந்த ரோட்டுக்குக் கல்லுடைத்தவர்கள் மட்டும் கதையில் வரவேயில்லை. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்தார். "நல்லது சேர். உங்களுக்குக் குளியல் செவ்வாய்க்கிழமைதான்."

விசுவாசம்

பக்கத்து வோபர்னில் இருந்து ஒரு தமிழ் அங்கிள் கோட்டும் டையுமாகத் துரையைப் பார்க்க வந்தார். துரையின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவராம். கதிரை போட்டேன், பதறிப்போய்த் தள்ளிவைத்துவிட்டு, வந்ததிலிருந்து நின்றபடியே சுகம் விசாரித்தார். துரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போ!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கிளோ லிஃப்ற்றுக்குள் கண்கலங்கினார். "கேட்டீரே தம்பி, அதே குரல்! துரை என்னை மறக்கேல்லை."

பசி

ஒருநாள் தொல்லை வேண்டாமென்று நின்றே ஊட்டினேன். புரைக்கேறி, துரையின் முகம் நீலமாகிவிட்டது. இன்னொரு தடவை நின்றால் வேலை போய்விடும் என்றார் மேற்பார்வையாளர். ஊரில் ஷெல்லடிக்குள் இருந்த மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கிருந்த ஒரே பிடி அந்த வேலைதான்.

மறுநாள் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். காலையும் மத்தியானமும் துரை வாய் திறக்கவில்லை. பின்னேரம் சூப் வந்தது. கரண்டியைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இரு."

ஏற்கனவே கதிரையில் இருந்தவனை இருக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டுத்தான் துரை வாய் திறந்தார். இவர்கள் எங்களுக்குச் சுதந்திரம் தந்ததும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.