பூங்கொடி பலகையில் எழுதிய முதல் தவறு

செவ்வாய்க்கிழமை காலை சேந்தமங்கலத்திலிருந்து தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "வளப்பூர் நாட்டுப் பூங்கொடியக்கா காய்ச்சல்ல தவறிட்டாங்கண்ணா." ஐம்பது வயதுதான். பெங்களூரில் அவரோடு வேலை செய்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியைத் தவறாகப் படித்துவிடக் கூடாதென்று, தொண்ணூற்றொன்பதில் ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் மென்பொருளைத் திருத்திக்கொண்டிருந்தோம். அப்போதைய மேலாளர் பிழை செய்தவரை எல்லார் முன்னும் நிற்கவைத்துத் திட்டுவார். பிழைகளை ஒளிக்கப் பழகிவிட்டோம். வேலை பின்தங்கியதும் அவரை மாற்றி, என்னைவிட ஆறு வயது இளையவரான பூங்கொடியைக் குழுத் தலைவராக்கினார்கள். அந்த இடம் எனக்கென்று நம்பியிருந்தவன் நான். அவர் முகம் பார்த்து நான் பேசவே இல்லை.

முதல் நாளே பலகையில் தன் தவறு ஒன்றை எழுதினார். "இது நேத்து நான் பண்ணுனதுங்க. எது ஒடஞ்சு கெடக்குன்னு சொல்லுங்க. யாரு ஒடச்சாங்கன்னு கேக்க மாட்டேன்." அன்று வேறு யாரும் பலகைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் என் பிழையைச் சொல்ல அவர் மேசைக்குப் போனேன். மருந்துத் தேதிக் கணக்கில், லீப் ஆண்டான இரண்டாயிரத்தின் பிப்ரவரி இருபத்தொன்பதை விட்டிருந்தேன். சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"ஏனுங்ணா, நோயாளிக்கு மருந்து மாறிப் போயிருந்தா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

விஷயம் மேலே போனது. இயக்குநர் எங்கள் அறைக்கே வந்து, செய்தவர் யாரென்று கேட்டார். "குழு என்னோடதுங்க சார். பேரு வேணும்னா என் பேர எழுதிக்குங்க" என்றார் பூங்கொடி. அந்த ஆண்டு அவருக்கு உறுதியாகியிருந்த வெளிநாட்டுப் பயணம் ரத்தானது. நன்றி சொல்லப் போன என்னிடம், "காப்பாத்துனேன்னு நெனைக்காதீங்ணா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரி பண்ணி, நீங்களே சோதிச்சுக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். அந்த வாரமே பலகை நிறைந்துவிட்டது. ஒளித்துவைத்த பிழைகளை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தீர்கள், நினைவிருக்கும். குறித்த நாளுக்கு முன்பே வேலையை ஒப்படைத்தோம். இரண்டாயிரத்தில் அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

புதன்கிழமை மலையேறி வளப்பூருக்குப் போனேன். மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்றிருந்த அவருடைய அப்பா கேட்டார்: "எம்புள்ள ஆபீசுல ரொம்பக் கண்டிப்புங்களா சாமி?"

"ஆமாங்க. ஆனா நாங்க யாருமே பயந்ததில்லீங்க."

இன்று பன்னிரண்டு பேருக்கு நான் தலைவன். போன மாதம் என் தப்புக் கணிப்பால் ஒரு வேலை தடம் புரண்டது. எல்லாரையும் உட்காரவைத்து, "இது என் தவறு" என்றேன். குரல் நடுங்கவில்லை. பூங்கொடியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தத் தைரியம்தான்.