'பூட்டு' என்று எழுதிய கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தினமும் ஜெபம் செய்கிறவன் நான். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. போன டிசம்பரில், ராயபுரத்துச் சந்து ஒன்றில் இது எனக்கு நடந்தது.

மலேரியா ஆராய்ச்சிக் குழுவில் கொசு பிடிப்பது என் வேலை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு இருட்டில் உட்காருவேன். காலில் வந்து அமரும் கொசுவை, கடிக்குமுன் கண்ணாடிக் குழாயில் பிடித்துவிடுவேன். அந்தச் சந்தில் வரலட்சுமிக்கு மூன்றாம் முறையாக மலேரியா. எட்டு மாதக் கர்ப்பிணி. இன்னொரு முறை வந்தால் பிள்ளை தங்காது என்றார் டாக்டர். தெருவில் எல்லாத் தொட்டிகளையும் பார்த்தாகிவிட்டது. கொசு எந்தத் தண்ணீரில் பிறக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அவள் கணவன் பாரி என் கையைப் பிடித்துக்கொண்டான். "எப்டினா கண்டுபுடி நைனா. அவ படுற பாட்டப் பாக்க முடில."

மாலை ஏழு மணி. சந்தின் கோடியில் பூட்டிக் கிடந்த வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். கதவில் சிவப்புப் பெயிண்டில் 'பூட்டு' என்று எழுதி, கீழே ஒரு தேதி. ஆள் இல்லாத வீடு என்பதற்கு எங்கள் குழு போடும் அடையாளம்.

கரண்ட் போனது.

"இன்னா நைனா, கொசுவுக்குப் பந்தி வச்சிகினு குந்திகினுகீற?"

பக்கத்தில் ஓர் இளம்பெண். வந்த சத்தமே இல்லை. சிரித்துவிட்டேன்.

"குளுருது நைனா..." அவள் பற்கள் தந்தியடித்தன. திருச்சபையில் எனக்குப் போர்த்திய நீலச் சால்வையைக் கொடுத்தேன்.

"நீயாச்சும் குந்துன. மத்தவங்க பூட்டப் பாத்துட்டு அப்டியே போய்ட்டாங்க. உள்ள அடுப்பாண்ட கெணறு கீது..."

டார்ச் அடித்தேன். என் காலில் ஏழெட்டுக் கொசுக்கள். அவள் வெறுங்காலில்... ஒன்றுகூட இல்லை.

கொசு மூச்சுக்காற்றைத் தேடித்தான் வரும்.

டார்ச் அணைந்தது.

டக்... டக்...

பூட்டிய கதவு. உள்ளிருந்து.

கர்த்தரே...

படியில் அவள் இல்லை.

காலையில் வீட்டுக்காரர் உபைதுல்லா பாய் பூட்டைத் திறந்தார். அடுப்பங்கரையில் கிணறு. அதன்மேல் கடப்பைக்கல். ஓரத்தில் விரல் நுழையும் இடுக்கு. நான்கு பேர் கடப்பாரையால் நெம்பினோம். தண்ணீரெங்கும் கொசுப்புழு நெளிந்தது. உள்விளிம்பில்... மடித்தபடி... என் நீலச் சால்வை.

மருந்து ஊற்றினோம். வரலட்சுமிக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. பெண் குழந்தை பிறந்தது.

"போன வருசம் இங்க ராமசெல்வின்னு ஒரு பொண்ணு குடியிருந்துச்சு, சாலமோன்," என்றார் பாய், அன்று காலை கிணற்றடியிலேயே. "அதுக்கும் எட்டு மாசம். இதே காய்ச்சல். புருசனுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேலை. எழுந்து தாப்பா போட அதுக்குத் தெம்பு இல்ல. வெளியப் பூட்டிட்டுத்தான் போவான். ஒருநாள் வந்து தெறந்தா... மௌத்."

அவள் இறந்த நாளைச் சொன்னார்.

கதவைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இருந்த தேதி அதற்கு முந்தின நாள்.

எழுதியவர் ஒருமுறை தட்டியிருக்கலாம். அவள் உள்ளேதான் இருந்தாள்.