குதிகாலோடு வீடு வந்த மாமா

“...கழட்டக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்லீங்க? அப்புறம் எதுக்குங்க குனியறீங்க?” என்று என் அக்கா வாசற்படியிலேயே மாமாவை நிறுத்திவிட்டாள். துணிப்பையோடு காரிலிருந்து இறங்கிய எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மாமாவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. வெள்ளாமை பூமியில் செருப்போடு நடக்க மாட்டார். தோப்புக்கு வெளியிலேயே கழற்றிவிடுவார். சர்க்கரையில் மரத்துப்போன குதிகாலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. புண்ணாகி எட்டு மாதம் ஆறவில்லை. “நோவாத புண்ணு, சத்தம் போடாத திருடனுங்க” என்று கட்டுப் போட வந்த நர்ஸம்மா சொன்னது சரிதான். அது எலும்பு வரைக்கும் போயிருந்தது.

முதலில் பார்த்த டாக்டர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். “ஓடு ஒண்ணு ஒடஞ்சதுக்கு ஊட்டையே இடிக்கச் சொல்றீங்களேங்க” என்று மாமா எழுந்துகொண்டார். கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டர், காலுக்கு ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் பார்த்தார், ஓடியது. கெட்டுப்போன எலும்பை மட்டும் செதுக்கி எடுத்து, நல்ல தோலை இழுத்துத் தைத்தார். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. சரவணம்பட்டியில் என் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே மாமா போனில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.

தையல் ஆறியது, கால் தங்கியது. ஆனால் அளவெடுத்துச் செய்து தந்த மெத்துச் செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்ளும் ஓரடி வைக்கக் கூடாதாம். மறுபடி புண் விழுந்தால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

அங்கேதான் சிக்கல். அக்கா வீட்டில் செருப்பு வாசற்படியைத் தாண்டியதே கிடையாது.

“கரண்டு ஆபீஸ்காரரையே கழட்ட வெச்சவ நீ. சாமி இருக்கற ஊட்டுக்குள்ள நான் மட்டும் செருப்போட வாரதா? ஊரே சிரிக்கும் அம்மணி. ஏப்பா மாப்ள, நீயாச்சும் சொல்லு.”

“சிரிக்கறவிய ஆளுக்கொரு கால் குடுப்பாங்களான்னு கேட்டுப்போட்டுக் கழட்டுங்க மாமா.”

அவர் கேட்கவில்லை. செருப்புப் பட்டையைப் பிரிக்கும் டர்ரென்ற சத்தம் வந்தது. அக்கா ஓரமாகக் கிடந்த தன் ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் படியேறி, நேராக நடுவீட்டுக்குள் நடந்தாள்.